அயல்நாட்டில் ஓர் அட்டை: பணத்தை மாற்றுவது யார்?

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் ஒரு கடை. ஊர் திரும்புவதற்கு முதல் நாள், உறவினர்களுக்கான பொருள்களை வாங்கிவிட்டுக் கடன் அட்டையை நீட்டுகிறார் தமிழ்நாட்டிலிருந்து சென்ற பயணி ஒருவர். அட்டையைச் செருகியதும் இயந்திரத்தின் திரையில் ஒரு கேள்வி தோன்றுகிறது. தொகையைச் சிங்கப்பூர் டாலரில் செலுத்துகிறீர்களா, இந்திய ரூபாயில் செலுத்துகிறீர்களா? பழகிய நாணயம், உடனே புரிகிற தொகை என்பதால் பயணியின் விரல் ரூபாயைத் தொடுகிறது. அந்த ஒரு தொடுதலில், தாம் அறியாமலேயே சில நூறு ரூபாயை அவர் இழந்துவிடுகிறார்.

இது மோசடி அன்று. அவருடைய ஒப்புதலைப் பெற்றே நடப்பது. ஆனால், எதற்கு ஒப்புதல் அளித்தோம் என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. அயல்நாட்டில் வங்கி அட்டையைப் பயன்படுத்துவதில் நேரும் பெரும்பாலான இழப்புகள் இத்தகையவை. திருடனிடம் இழப்பதைவிட, விதி தெரியாமல் இழப்பதே மிகுதி.

ஒரு காலத்தில் அயல்நாட்டுப் பயணம் என்பது அரிதானவர்களுக்கே வாய்த்தது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் 1891-இல் அறிமுகப்படுத்திய பயணியர் காசோலைகளே நெடுங்காலம் அவர்களுக்குத் துணையாக இருந்தன. இன்று நிலைமை வேறு. பேரக் குழந்தையைப் பார்க்க அமெரிக்கா செல்லும் ஓய்வுபெற்ற ஆசிரியர், மலேசியாவுக்குச் சுற்றுலா செல்லும் சிறு வணிகர், ஐரோப்பாவில் படிக்கப் போகும் மாணவர் எனப் பலரும் சட்டைப் பையில் ஓர் அட்டையுடன் விமானம் ஏறுகின்றனர். அந்த அட்டை எப்படி இயங்குகிறது என்பதை அறிந்துகொள்வது, கடவுச்சீட்டையும் விசாவையும் சரிபார்ப்பதைப் போலவே இன்றியமையாதது.

இரு மாற்று விகிதங்கள்

முதலில் அந்தத் திரைக் கேள்விக்கு வருவோம். ஒரு நாட்டின் நாணயத்தை மற்றொன்றாக மாற்றும் வேலையை யாரேனும் ஒருவர் செய்தாக வேண்டும். உள்ளூர் நாணயத்தைத் தேர்ந்தெடுத்தால் விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டை வலையமைப்பின் மாற்று விகிதம் பொருந்தும். அதன் மேல் நம் வங்கி தன் கட்டணத்தைச் சேர்க்கும். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால், கடைக்காரருக்கு இயந்திரம் வழங்கிய வங்கியோ இடைநிலை நிறுவனமோ தானே ஒரு விகிதத்தை நிர்ணயித்துக்கொள்ளும். அதில் அதன் லாபமும், பல வேளைகளில் கடைக்காரரின் பங்கும் அடங்கியிருக்கும்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். வலையமைப்பின் விகிதப்படி 50,000 ரூபாய்க்கு இணையான ஒரு ரசீது என்று வைத்துக்கொள்வோம். நம் வங்கியின் அந்நியச் செலாவணி மாற்றுக் கட்டணம் 3.5 சதவீதம் என்றால் அது 1,750 ரூபாய். அந்தக் கட்டணத்தின் மீது 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதாவது 315 ரூபாய். ஆக மொத்தம் 52,065 ரூபாய்.

அதே ரசீதை ரூபாயில் செலுத்தினால், இடைநிலை நிறுவனம் 5 சதவீதம் கூட்டி 52,500 ரூபாய் என்று திரையில் காட்டலாம். அத்துடன் முடிந்தது என்று பயணி கருதுகிறார். ஆனால், அயல்நாட்டுக் கடையில் ரூபாயில் நடக்கும் பரிவர்த்தனைக்கும் பல வங்கிகள் தனிக் கட்டணம் வசூலிக்கின்றன. அது 1 சதவீதம் என்றாலும் ஜிஎஸ்டியுடன் சேர்ந்து ஏறத்தாழ 620 ரூபாய். மொத்தம் 53,120 ரூபாய். ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட வேறுபாடு, ஒரே ஒரு விரல் தொடுதலில்.

எனவே, முதல் விதி எளிது: எந்த நாட்டில் இருக்கிறோமோ அந்த நாட்டு நாணயத்திலேயே செலுத்த வேண்டும். இவ்வாறு மாற்றித் தரும் சேவையைப் பயணியின் விருப்பத்தைக் கேட்காமல் அளிக்கக் கூடாது என்பது அட்டை வலையமைப்புகளின் விதி. கடைக்காரர் நம்மைக் கேட்காமல் தாமே ரூபாயைத் தேர்ந்தெடுத்திருந்தால், கையெழுத்திடும் முன் அந்தப் பரிவர்த்தனையை நீக்கிவிட்டு மீண்டும் பதியச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

மூன்று அட்டைகள், மூன்று குணங்கள்

பயணி கையில் பொதுவாக மூன்று வகை அட்டைகள் இருக்கக்கூடும். கடன் அட்டையில் செலவாவது வங்கியின் பணம். தவணைத் தேதிக்குள் முழுவதும் கட்டினால் வட்டி இல்லை. ஏதேனும் தவறு நேர்ந்தால், நம் சேமிப்புக்குச் சேதமின்றி வங்கியுடன் வாதாடலாம். டெபிட் அட்டையில் செலவாவது நம் சேமிப்புக் கணக்கிலுள்ள பணம். தவறு நேர்ந்தால் முதலில் காலியாவது நம் கணக்கு. முன்கூட்டியே பணம் நிரப்பிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் அட்டையில், புறப்படுவதற்கு முன்பே டாலரையோ யூரோவையோ ஒரு விகிதத்தில் வாங்கி வைத்துவிடுகிறோம். பயணத்தின் நடுவே ரூபாயின் மதிப்பு சரிந்தாலும் அந்தத் தொகையைப் பாதிக்காது. உயர்ந்தால் அதன் பயனும் கிட்டாது.

ஃபாரெக்ஸ் அட்டையிலும் ஒரு நுட்பம் உண்டு. டாலர் நிரப்பிய அட்டையை ஜப்பானில் பயன்படுத்தினால், டாலரிலிருந்து யென்னுக்கு மாற்ற மீண்டும் ஒரு கட்டணம் விழக்கூடும். செல்லும் நாட்டின் நாணயத்தையே நிரப்புவது நல்லது. இந்த அட்டைகள் இந்தியாவிலும் நேபாளத்திலும் பூடானிலும் செல்லா என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போதும் ஒரு சிக்கல் எழும். அட்டைப் பரிவர்த்தனைக்கான மாற்று விகிதம், நாம் வாங்கிய நொடிக்குரியதாக இல்லாமல், கணக்கு இறுதி செய்யப்படும் நாளுக்குரியதாக இருக்கலாம். திருப்பித் தரப்படும் பணத்துக்கு வேறொரு நாளின் விகிதம் பொருந்தும். எனவே, அதே டாலர் தொகை திரும்பி வந்தாலும் ரூபாயில் குறைவாகத் தெரியலாம்.

ஏடிஎம் முன் சற்று நிதானம்

கடன் அட்டையைக் கொண்டு ஏடிஎம்மில் பணம் எடுப்பது, பயணத்தில் செய்யக்கூடிய விலையுயர்ந்த செயல்களுள் ஒன்று. கடையில் பொருள் வாங்கும்போது கிடைக்கும் வட்டியில்லாக் காலம் இதற்குக் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். ரொக்க முன்பணத்துக்கான கட்டணம் தனி. அதன் மேல் மாற்றுக் கட்டணம், ஜிஎஸ்டி. ரொக்கத்துக்கு டெபிட் அட்டையையோ ஃபாரெக்ஸ் அட்டையையோ பயன்படுத்துவதே சரி.

அங்கும் இரு கட்டணங்கள் உண்டு. நம் வங்கி வசூலிப்பது ஒன்று. ஏடிஎம்மின் உரிமையாளரான வங்கி வசூலிப்பது மற்றொன்று. தாய்லாந்தில் அயல்நாட்டு அட்டையில் ஒவ்வொரு முறை பணம் எடுக்கும்போதும் 200 பாட்டுக்கு மேல் பிடித்துக்கொள்வது வழக்கம். ஆயிரம் பாட் எடுத்தாலும் அதே கட்டணம். பத்தாயிரம் பாட் எடுத்தாலும் அதே கட்டணம். சிறிது சிறிதாகப் பலமுறை எடுப்பதைவிடத் தேவையைக் கணக்கிட்டு ஒரே முறை எடுப்பது மேல்.

ஏடிஎம் திரையிலும் அந்த நாணயக் கேள்வி வேறொரு வடிவில் வரும். ‘இந்த மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா’ என்று அது கேட்கும். மறுத்தால் பணமே வராது என்று அஞ்சிப் பலர் ஏற்கின்றனர். மறுப்பது அந்த விகிதத்தை மட்டுமே. மறுத்த பிறகும் பரிவர்த்தனை தொடரும். நம் வங்கியின் விகிதத்தில் பணம் கிடைக்கும்.

புறப்படும் முன் திறக்க வேண்டிய பூட்டு

அயல்நாட்டில் இறங்கி அட்டையை நீட்டிய பிறகுதான் அது இயங்காது என்பது சிலருக்குத் தெரிகிறது. காரணம், இந்திய ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்டு, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி. அதன்படி, புதிதாக வழங்கப்படும் அட்டையும் புதுப்பித்துத் தரப்படும் அட்டையும் இந்தியாவிலுள்ள ஏடிஎம்களிலும் கடைகளின் அட்டை இயந்திரங்களிலும் மட்டுமே இயங்கும். வெளிநாட்டுப் பயன்பாடு, இணையவழிப் பயன்பாடு, தொடாமல் செலுத்தும் வசதி ஆகிய ஒவ்வொன்றையும் வாடிக்கையாளரே கேட்டுத் திறக்க வேண்டும்.

இது தொல்லை அன்று, நல்லதொரு காப்பு. வங்கியின் கைப்பேசிச் செயலியிலேயே இந்தப் பூட்டைத் திறக்கலாம், மூடலாம், நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பும் வைக்கலாம். புறப்படும் நாளில் திறந்து, திரும்பிய நாளில் மூடிவிடும் பழக்கம் பெரும் பாதுகாப்பு. ஏனெனில், நம் நாட்டு இணையதளங்கள் கேட்கும் ஒருமுறைக் கடவுச்சொல்லை அயல்நாட்டு இணையதளங்கள் பல கேட்பதில்லை. அட்டையின் எண், காலாவதித் தேதி, பின்புறமுள்ள மூன்று இலக்கங்கள் ஆகியவை மட்டுமே போதும். வெளிநாட்டுப் பயன்பாடு மூடப்பட்டிருந்தால், திருடப்பட்ட எண்ணால் அங்கே எதுவும் வாங்க இயலாது.

அட்டையின் முகப்பிலுள்ள சின்னத்தையும் பார்க்க வேண்டும். உள்நாட்டுக்கு மட்டுமான ரூபே அட்டை அயல்நாட்டில் இயங்காது. ரூபே குளோபல் வகை அட்டை, டிஸ்கவர், டைனர்ஸ் கிளப், ஜேசிபி ஆகிய வலையமைப்புகளை ஏற்கும் இடங்களில் இயங்கும். ரகசிய எண் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஆளில்லாத ரயில் பயணச்சீட்டு இயந்திரம் கையெழுத்தை ஏற்காது.

கைப்பேசி எண்ணும் அட்டையின் ஓர் அங்கம்தான். அயல்நாட்டில் உள்ளூர் சிம்மைப் போட்டுக்கொண்டு இந்திய சிம்மைக் கழற்றி வைத்தால், அவசரத்துக்கு விமானச்சீட்டை மாற்ற முனையும்போது கடவுச்சொல் வந்து சேராது. வங்கியின் எச்சரிக்கைக் குறுஞ்செய்தியும் வராது. இந்திய எண்ணில் ரோமிங் வசதியைப் பெற்றுக்கொள்வதும், மின்னஞ்சலுக்கும் எச்சரிக்கைகள் வரும்படி பதிவு செய்வதும் அவசியம்.

செலவழிக்காமலே குறையும் பணம்

விடுதியில் அறை எடுக்கும்போதும், வாடகைக் கார் பெறும்போதும் பிணைத்தொகையாக ஒரு தொகையை அட்டையில் நிறுத்திவைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். இது கட்டணம் அன்று. இருப்பின் ஒரு பகுதியைப் பூட்டி வைப்பது. கடன் அட்டை என்றால் கடன் வரம்பில் ஒரு பகுதி தற்காலிகமாகக் குறையும். டெபிட் அட்டை என்றால் நம் கணக்கிலுள்ள பணமே முடங்கும். விடுதியைக் காலி செய்த பிறகும் அது விடுவிக்கப்படச் சில நாள்கள், சில வேளைகளில் சில வாரங்கள்கூட ஆகலாம். கையில் ஒரே ஒரு டெபிட் அட்டையுடன் செல்லும் பயணி, கணக்கில் பணம் இருந்தும் உணவுக்குத் திண்டாடும் நிலை இப்படித்தான் உருவாகிறது. பிணைத்தொகைக்குக் கடன் அட்டை, ரொக்கத்துக்கு மற்றோர் அட்டை எனப் பிரித்துக்கொள்வது இதைத் தவிர்க்கும்.

ஊருக்கு ஊர் வழக்கங்களும் மாறும். லண்டன் பேருந்துகளில் 2014 ஜூலை முதல் ரொக்கம் வாங்குவதில்லை. அட்டையைத் தொட்டுத்தான் ஏற வேண்டும். அங்குச் சுரங்க ரயிலில் நுழையும்போது தொட்ட அதே அட்டையைத்தான் வெளியேறும்போதும் தொட வேண்டும். மாற்றித் தொட்டால் இரண்டிலும் உச்சக் கட்டணம் விழும். அமெரிக்காவின் பெட்ரோல் நிலைய இயந்திரங்கள் அந்நாட்டு அஞ்சல் குறியீட்டைக் கேட்டு அயல்நாட்டு அட்டையை நிராகரிப்பது உண்டு. உள்ளே சென்று காசாளரிடம் செலுத்தினால் பிரச்சினை இல்லை.

அட்டை தொலைந்தால்

தொலைந்த அட்டையைப் பற்றிய அச்சம் பலருக்கு உண்டு. உரிமை என்ன என்பது சிலருக்கே தெரியும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் வகுத்த நெறிமுறை இதில் தெளிவானது. வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாத நிலையில், மூன்றாம் நபரால் பணம் களவுபோனால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலைநாள்களுக்குள் புகார் செய்தால் வாடிக்கையாளருக்கு இழப்பே கிடையாது. 4 முதல் 7 வேலைநாள்களுக்குள் என்றால், கணக்கின் வகையைப் பொறுத்து ஓர் உச்சவரம்பு வரையிலான இழப்பை அவர் ஏற்க வேண்டும். அதற்கும் பிந்தினால் வங்கியின் கொள்கைப்படிதான் தீர்வு. புகார் அளித்த 10 வேலைநாள்களுக்குள், சர்ச்சைக்குரிய தொகையை வங்கி தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும்.

ஆனால், ரகசிய எண்ணையோ கடவுச்சொல்லையோ நாமே பிறரிடம் சொல்லிவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் நம்முடையதே. எப்படியாயினும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது. ஆகவே விரைவுதான் இங்கே கவசம். இந்தியாவின் 1800 எனத் தொடங்கும் கட்டணமில்லா எண்கள் பெரும்பாலும் அயல்நாட்டிலிருந்து கிடைக்கா. வெளிநாட்டிலிருந்து அழைப்பதற்கென வங்கி தரும் எண்ணைக் கைப்பேசியில் மட்டுமன்றி ஒரு தாளிலும் எழுதி, அட்டையிலிருந்து வேறான பையில் வைக்க வேண்டும். அட்டையும் கைப்பேசியும் சேர்ந்தே களவுபோவது அரிதன்று. புகாருக்கான பதிவு எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். வங்கி 30 நாள்களில் உரிய பதில் தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

சட்டம் வகுத்த எல்லை

இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பவோ அங்கே செலவிடவோ ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டம் இடமளிக்கிறது. இத்திட்டம் 2004-இல் 25,000 டாலர் வரம்புடன் தொடங்கியது. டெபிட் அட்டை, ஃபாரெக்ஸ் அட்டைச் செலவுகள் இதற்குள் அடங்கும்.

கடன் அட்டையைப் பொறுத்தவரை 2023-இல் ஒரு குழப்பம் நேர்ந்தது. அயல்நாட்டில் இருக்கும்போது செய்யும் கடன் அட்டைச் செலவையும் இத்திட்டத்துக்குள் கொண்டுவரும் அறிவிக்கையை மே 16-இல் மத்திய நிதி அமைச்சகம் வெளியிட்டது. பலத்த எதிர்ப்பு எழவே, மூன்றே நாள்களில் 7 லட்சம் ரூபாய் வரை விலக்கு என்ற விளக்கம் வந்தது. ஜூன் 28-இல் அந்த மாற்றமே நிறுத்திவைக்கப்பட்டது. மூலத்தில் வசூலிக்கப்படும் வரிக்கான வரம்பு, 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. டெபிட் அல்லது ஃபாரெக்ஸ் அட்டையில் அந்த வரம்பைத் தாண்டும் பயணச் செலவுக்கு 20 சதவீதம் பிடிக்கப்படும். அது கூடுதல் வரி அன்று. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மிகுந்தால் திரும்பப் பெறலாம். ஆனால், அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும்.

அட்டை இருந்தாலும் சிறிதளவு ரொக்கம் தேவை. பெரும்பாலான நாடுகளுக்குச் செல்லும்போது ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரையிலான அந்நிய நாணயத் தாள்களைப் பெற்றுச் செல்லலாம். திரும்பிய பின் 2,000 டாலர் வரை கையில் வைத்துக்கொள்ளலாம். மிகுதியை 180 நாள்களுக்குள் ஒப்படைக்க வேண்டும்.

அட்டைக்கு மாற்றாக யுபிஐயும் எல்லை தாண்டத் தொடங்கியிருக்கிறது. பூடானில் 2021-இலும், இலங்கையிலும் மொரீஷியஸிலும் 2024 பிப்ரவரி 12-இலும் இவ்வசதி தொடங்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ செல்லும் தமிழ்நாட்டுப் பயணி, செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துகொண்டால், இவ்வசதியுள்ள கடைகளில் கியூஆர் குறியீட்டின் வழியே செலுத்தலாம். அங்கும் மாற்று விகிதத்தைப் பார்த்தே ஒப்புதல் தர வேண்டும்.

மறைந்திருக்கும் விலை

இவ்வளவையும் பயணி தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா என்ற கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான். மாற்றுக் கட்டணம் எவ்வளவு என்பதை வங்கிகள் தங்கள் இணையதளத்தில், நீண்ட கட்டணப் பட்டியலின் ஒரு வரியில் சொல்லிவிடுகின்றன. சொன்னதாகிவிட்டது; ஆனால் தெரிவித்ததாகுமா? செலவு செய்யும் நொடியில் வரும் குறுஞ்செய்தியில் இத்தனை யூரோ என்றிருக்கும். அதற்கு எத்தனை ரூபாய், அதில் கட்டணம் எவ்வளவு என்று இருக்காது. மாத இறுதிக் கணக்கில்தான் அது புலப்படும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறை இதற்கு ஒரு விடை காட்டுகிறது. ஒன்றிய நாடுகளின் நாணயங்களுக்கிடையே அட்டையில் செலுத்தும்போது, மாற்றுவதற்கான மொத்தக் கட்டணத்தை ஐரோப்பிய மத்திய வங்கியின் அடிப்படை விகிதத்துக்கு மேல் இத்தனை சதவீதம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அட்டை வழங்கிய வங்கி அதைக் குறுஞ்செய்தியாகவும் வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும். ஒரே அளவுகோலில் விலை தெரியும்போதுதான் ஒப்பிட முடியும். ஒப்பிட முடிந்தால்தான் தேர்ந்தெடுப்பதற்குப் பொருள் உண்டு.

இந்தியாவிலும் இது அரிய செயல் அன்று. வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறக்கும் உரிமையை வாடிக்கையாளர் கையில் கொடுத்த ரிசர்வ் வங்கி, அதைத் திறக்கும் அதே திரையில், ‘ஒவ்வொரு 100 ரூபாய்ச் செலவுக்கும் இவ்வளவு கட்டணம்’ என்று காட்டும்படி வங்கிகளைப் பணிக்கலாம். அயல்நாட்டுக் கடையின் இயந்திரம் நம் ஒழுங்குமுறைக்கு உட்பட்டதன்று. நம் வங்கிகள் உட்பட்டவை. ரூபாயில் செலுத்தினாலும் கட்டணம் உண்டு என்பதை முன்கூட்டியே ஒரு குறுஞ்செய்தியில் சொல்வது அவர்களுக்கு எளிது.

அது நடக்கும் வரை காப்பு பயணியின் கையில்தான். இரண்டு வெவ்வேறு வலையமைப்புகளின் அட்டைகள், வெவ்வேறு பைகளில். புறப்படும் முன் திறந்த பூட்டு, திரும்பியதும் மூடிய பூட்டு. தாளில் எழுதிய வங்கி எண். இவற்றுடன் சிராங்கூன் சாலைக் கடையின் திரை மீண்டும் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது, பழக்கத்தால் நீளும் விரலை ஒரு நொடி நிறுத்தி, அந்த நாட்டு நாணயத்தைத் தொட வேண்டும். புரிகிற தொகை எப்போதும் சரியான தொகையாக இருப்பதில்லை.